அந்தப் படிவத்தில் நான் கையெழுத்திட மாட்டேன்: எங்கள் சபைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பாஸ்டர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

போன மாதம் ஆராதனை முடிந்ததும் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுத்தீர்கள். ‘உறுப்பினர் உடன்படிக்கை’ என்று அதற்குத் தலைப்பு. கையெழுத்திட்டுத் திருப்பித் தராதவர்களுக்கு அப்பமும் ரசமும் பகிரும் அடுத்த திருவிருந்தில் பங்கில்லை என்று மேடையிலேயே அறிவித்தீர்கள். நான் கையெழுத்திடவில்லை. இனியும் இடப்போவதில்லை.

காரணத்தைத் தனியாக வந்து சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அப்படித் தனியாக வந்து கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் ‘கலக ஆவி’க்கு உதாரணமாக அவர்கள் வந்துபோனார்கள். பெயர் ஒன்றுதான் சொல்லப்படவில்லை. அதனால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

படிவத்தின் முதல் பக்கத்தில் எனக்கு ஒரு தடையும் இல்லை. திரித்துவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபையினால் இரட்சிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொல்கிறேன். பக்கத்தைத் திருப்பினால்தான் வேறு ஒரு உலகம். திருமணம், வேலை மாற்றம், வீடு மாற்றம் எதுவானாலும் தலைமையின் சம்மதம் பெற்ற பிறகே முடிவெடுக்க வேண்டும். வேறு சபைகளின் கூட்டங்களுக்குப் போகக் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைப் பெயர் எழுதிய உறையில்தான் போட வேண்டும். ஆலோசனைக்கு வந்து ஒருவர் சொல்லும் அந்தரங்கத்தை மூப்பர் குழு தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். வாரநாள் கூட்டங்களுக்கு வராதவர்கள் விளக்கம் தர வேண்டும். தலைமையின் தீர்மானத்தைப் பற்றி யாரிடமும் எதிராகப் பேசக் கூடாது.

இவற்றில் எதற்கு வேத ஆதாரம் இருக்கிறது என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசித்தேன். ஓரம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

ஐயா, இந்தச் சபைக்கு நான் வந்தபோது பயந்த மனுஷியாக வந்தேன். ஒரு நாள் ஜெபிக்கத் தவறினால் அன்றைக்கு வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்குகிற பக்தி என்னுடையது. தேவன் என்றாலே கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நாட்களில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தை வரிவரியாக எங்களுக்குப் போதித்தவர் நீங்கள். “நீங்கள் மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல், கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்” என்ற 5:1-ஐ மனப்பாடம் செய்யச் சொன்னவரும் நீங்கள்தான். வேதத்தை நீங்களே வாசியுங்கள், நான் சொல்வது அதில் இருக்கிறதா என்று பெரோயா பட்டணத்தாரைப் போலச் சோதித்துப் பாருங்கள் என்பீர்கள். நாங்கள் அப்படியே செய்தோம். இப்போது அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் கேட்கிறேன்.

கலாத்தியர் நிருபத்தில் பவுலுக்கு என்ன கோபம்? கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னவர்கள் மேல் அல்ல. கிறிஸ்துவையும் விசுவாசியுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள் என்று சேர்த்துச் சொன்னவர்கள் மேல்தான் அந்தக் கோபம். விருத்தசேதனம், அதாவது ஆண்களின் நுனித்தோலை நீக்கும் சடங்கு, ஆபிரகாம் காலத்திலிருந்து வந்த தேவ கட்டளை. ஒருவர் இட்டுக்கட்டிய விதி அல்ல. அதையே இரட்சிப்புக்கு நிபந்தனையாகக் கூட்டிச் சேர்த்தபோது பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. தன் உடன் ஊழியனான தீத்துவை அதற்குக் கட்டாயப்படுத்தியபோது முடியாது என்றார். ஆனால் அப்போஸ்தலர் 16-இல் அதே பவுல் இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்கிறார்! அந்த இடங்களிலிருந்த யூதர்களிடம் ஊழியம் தடைபடாமலிருக்க, அன்பின் நிமித்தம் அதைச் செய்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், எனக்கு என்ன பிரச்சினை என்பது புரியும். புதன்கிழமை ஜெபத்துக்கு வருவது எனக்குப் பிரியம். வராவிட்டால் திருவிருந்து இல்லை என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு அது வேறொன்றாகிவிடுகிறது.

எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடிப் பேசியதும் இதைப் பற்றித்தான். முதல் நூற்றாண்டின் நடுவில் நடந்த கூட்டம் அது. யூதரல்லாத புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள்மேல் எதையெல்லாம் சுமத்துவது என்பதே கேள்வி. எதை வேண்டுமானாலும் சுமத்தும் அதிகாரமும் செல்வாக்கும் அவர்களுக்கு இருந்தது. பிதாக்களாலும் தங்களாலும் சுமக்கக் கூடாதிருந்த நுகத்தைச் சீஷருடைய கழுத்தில் ஏன் சுமத்த வேண்டும் என்று பேதுருவே எழுந்து கேட்டார். கடைசியில் அவர்கள் அனுப்பிய கடிதம் ஒரு சில வரிகளில் முடிந்துவிட்டது. அவசியமானவைகளைத் தவிர வேறு பாரத்தைச் சுமத்தாமலிருப்பது பரிசுத்த ஆவிக்கும் தங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதினார்கள். நம் படிவம் நான்கு பக்கம்.

இனி என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

நம் பாடகர் குழுவில் இருந்த சகோதரர் ஒருவர் ஓர் அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்தார். நடக்காத செலவுக்கு ரசீது தயார்செய்து கையெழுத்திடும்படி மேலதிகாரி அவரிடம் சொன்னார். அவர் மறுத்தார். மறுநாளும் கேட்டபோது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, கையில் அடுத்த வேலை இல்லை. ஒரு கிறிஸ்தவன் தன் விசுவாசத்தை எங்கே வாழ்ந்து காட்ட வேண்டுமோ அங்கே அவர் அதை வாழ்ந்து காட்டினார் என்றுதான் நான் நினைத்தேன். சாட்சி சொல்ல அவரை மேடைக்கு அழைப்பீர்கள் என்றும் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. தலைமையைக் கேட்காமல் வேலையை விட்டது ‘அடங்காத ஆவி’ என்று மூப்பர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சிறிது காலம் பாட வேண்டாம் என்றார்கள். அந்தச் சிறிது காலம் இன்னும் முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள் ஐயா. அந்த மேசையில், அந்த ரசீதுக்கு முன்னால், அவருக்குத் துணையாக யார் இருந்தார்கள்? நீங்கள் இல்லை, நானும் இல்லை. அவருடைய மனச்சாட்சியும் அதில் பேசுகிற ஆவியானவரும்தான். போய் ஒருவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து உண்மை பேசலாம் என்று அவர் அன்றைக்கு உட்கார்ந்திருந்தால், அதற்குள் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கும். எல்லா முடிவையும் தலைவரிடம் கொண்டுபோகப் பழக்கப்பட்ட விசுவாசி, தலைவர் இல்லாத இடத்தில் என்ன செய்வார்? நம்முடைய நாட்களில் பெரும்பகுதி தலைவர் இல்லாத இடங்களில்தான் கழிகிறது. ஞாயிறு காலை சில மணி நேரம் போக மிச்சமெல்லாம் அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, அடுப்படி. விசுவாசம் அங்கே வேலை செய்யாவிட்டால் அதற்கு வேறு எங்கே வேலை?

இன்னொரு சகோதரி, படுக்கையில் விழுந்த தன் தகப்பனாரைப் பார்த்துக்கொள்கிறார். இரவில் பல தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வீட்டுக்கூட்டத்துக்கு வர முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தொடர்ந்து வெற்றிடம் விழுந்தது. ‘முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்’ என்ற வசனத்தை ஒரு மூப்பர் அவருக்குக் கைப்பேசியில் அனுப்பிவைத்தார். வேறொன்றும் எழுதவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

இயேசு இந்த மாதிரியான பக்தியைப் பற்றி மாற்கு 7-இல் பேசியிருக்கிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று போதித்தவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். வீட்டுக்கூட்டம் நல்லது. அதை நடத்துகிறவர்களின் உழைப்பும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மகள் தகப்பனுக்குச் செய்யும் பணியைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதுகிற சபை, மாற்கு 7-ஐ உரக்க வாசிக்கக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

என் விஷயம் சின்னது. ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், நண்பனுடைய சபையில் நடக்கும் வாலிபர் கூட்டத்துக்குப் போனால் பாவமா என்று கேட்டான். வீட்டில் சொல்லிவிட்டுப் போய் வா, அங்கே கேட்டதை வந்து சொல், சேர்ந்து பேசலாம் என்றேன். அடுத்த வாரம் எனக்கு ‘ஓய்வு’ கொடுக்கப்பட்டது. நான் ஓய்வு கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் கேள்வி கேட்டால் உடனே ஒரு வசனம் வருகிறது: “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமல்” இருங்கள். சங்கீதம் 105-ஐ முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்கிறேன். அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்பட்டது? ராஜாக்களுக்கு. யாரைத் தொடக் கூடாது என்று? சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சத் தொகையினராய், ஒரு ஜனத்தை விட்டு மறு ஜனத்தண்டைக்கு அலைந்து திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தாரை. அதிகாரம் உள்ளவர்கள் அதிகாரம் இல்லாதவர்களை ஒடுக்கக் கூடாது என்பதற்கு எழுதிய வசனம், நம்மிடையே அதிகாரத்தைக் கேள்வி கேட்காதே என்பதற்குப் பயன்படுகிறது. அப்புறம் எபிரெயர் 13:17. “உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்” என்பது உண்மைதான், அதை நான் கிழித்தெறியவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில் பத்து வசனம் முன்னால், தேவவசனத்தை உங்களுக்குப் போதித்தவர்களுடைய நடக்கையின் முடிவைச் சிந்தித்து அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள் என்று இருக்கிறது. பேதுருவும் மூப்பர்களுக்கு எழுதும்போது, இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக இராமல் மந்தைக்கு மாதிரிகளாக இருங்கள் என்கிறார். கொரிந்து சபையை உருவாக்கிய பவுல், அவ்வளவு குழப்பம் நிறைந்த அந்தச் சபைக்கே, “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்” என்று எழுதினார். நீங்கள் எங்களுக்கு அப்படி இருந்த காலத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் போகாமல் நின்று எழுதுகிறேன்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆளுக்கொரு வழியில் போய்விடுவார்கள் என்று ஒரு மூப்பர் என்னிடம் சொன்னார். அந்தப் பயம் அர்த்தமில்லாதது அல்ல. சுதந்திரம் என்ற பெயரில் குடும்பத்தைச் சிதைத்தவர்களையும், கடன் வாங்கித் திருப்பித் தராமல் கிருபையைப் பற்றிப் பேசுகிறவர்களையும் நானும் பார்த்திருக்கிறேன். சபை ஒழுங்கு வேண்டும். வெளிப்படையான பாவத்தில் ஒருவர் விழுந்தால் மத்தேயு 18 சொல்லுகிறபடி முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், பிறகு சாட்சிகளோடு, பிறகு சபையில். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ரோமர் 14-ஐ எழுதியவருக்கும் ஒழுங்கைப் பற்றித் தெரியும். உணவிலும் நாட்களிலும் சபைக்குள் கருத்து பிரிந்து கிடந்தது. பவுல் ஒரு பொதுவிதி போட்டு எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கலாம். “அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று எழுதிவிட்டார். “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” என்றும் கேட்டார். அந்தக் கேள்வி விசுவாசிக்கு மட்டுமா, மூப்பருக்கும் சேர்த்தா?

சபை வரலாற்றில் இது புதிய சண்டையும் இல்லை. 1520-இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதியபோது, விசுவாசத்தினால் அவன் யாருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல, அன்பினால் எல்லோருக்கும் ஊழியக்காரன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். 1646-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடி விசுவாச அறிக்கை எழுதிய போதகர்கள் கட்டுப்பாடு தளர்ந்தவர்கள் அல்ல. ஓய்வுநாள் ஆசரிப்பில் அவர்கள் கண்டிப்பு நம்மை விட அதிகம். அவர்களே இருபதாம் அதிகாரத்தில், மனச்சாட்சிக்கு ஆண்டவர் தேவன் ஒருவரே என்றும், கண்மூடித்தனமான கீழ்ப்படிதலைக் கேட்பது மனச்சாட்சியின் சுதந்திரத்தை அழிப்பது என்றும் எழுதிவைத்தார்கள்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஐந்து போதகர்கள் சேர்ந்து ஒரு போதனையைப் பரப்பினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் தனக்கென்று ஒரு மேய்ப்பர் வேண்டும், வாழ்க்கையின் பெரிய முடிவுகளை அவருக்குக் கீழ்ப்படிந்து எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். திருமணம், வேலை, பணம் எல்லாம் மேய்ப்பரின் கைக்குள் போனது. அவர்களும் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார்கள். அலைந்து திரிகிற விசுவாசிகளை நிலைநிறுத்த வேண்டும் என்பதே எண்ணம். அந்த ஐவரில் ஒருவரான டெரக் பிரின்ஸின் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. அவர் 1980-களில் அதிலிருந்து விலகிக்கொண்டார். இன்னொருவரான பாப் மம்ஃபோர்டு பிற்காலத்தில் வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். நம் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை வாசிக்கும்போது எனக்கு அந்த வரலாறுதான் கண்முன் வந்தது. அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று ஏற்கெனவே நடந்து பார்த்தவர்கள் திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்கள்.

காணிக்கை உறையைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடியே என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்லிவிட்டது. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்ன பிறகு, பொருளாளர் அறிந்தே ஆக வேண்டும் என்று நாம் சொல்வது எப்படி? கணக்குக்கு ரசீது வேண்டும் என்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

திருவிருந்து விஷயத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து” என்று 1 கொரிந்தியர் 11 சொல்கிறது. அந்தச் சோதனை விசுவாசியின் இருதயத்துக்குள் ஆண்டவருக்கு முன்பாக நடக்கிறது. முதல் பந்தியில், தம்மைக் காட்டிக்கொடுக்கிறவன் கை தம்மோடு மேசையில் இருக்கிறது என்று தெரிந்தே இயேசு அப்பத்தைப் பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பந்திக்கு அழைக்கிறவர் அவர். நாம் பரிமாறுகிறவர்கள். ஓர் அலுவலகப் படிவத்தில் கையெழுத்து இல்லை என்பதற்காக, தகப்பனின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கிற அந்தச் சகோதரியைத் தாண்டி அப்பத்தட்டு போகப்போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிற மூப்பர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் சபையை விட்டுப் போகவில்லை. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற வசனம் எனக்கும்தான். வரும் ஞாயிறும் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

முதலாவது, அடுத்த திருவிருந்துக்கு முன்பே, படிவத்துக்கும் திருவிருந்துக்கும் சம்பந்தமில்லை என்று மேடையிலிருந்து அறிவியுங்கள். இதற்கு மட்டும் தவணை கேட்காதீர்கள். மற்றவற்றைப் பேசித் தீர்க்கலாம், இது காத்திருக்காது.

திருமணம், வேலை, வீடு பற்றிய சம்மதப் பிரிவையும், வேறு சபைக் கூட்டங்களுக்கான தடையையும், தலைமையைப் பற்றிப் பேசக் கூடாது என்ற பிரிவையும் முழுதாக நீக்குங்கள். ‘ஆலோசனை பெறுவது நல்லது’ என்று மென்மையாக மாற்றி எழுதி அதே இடத்தில் வைக்க வேண்டாம். ஆலோசனை தேவைப்படுகிறவர்கள் தாங்களே வருவார்கள். இத்தனை வருடமும் வந்தார்கள். ஆலோசனையில் ஒருவர் சொல்வது அவர் சம்மதமில்லாமல் அந்த அறையை விட்டு வெளியே போகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். ஒரு குழந்தைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்கிற நிலை மட்டும் விதிவிலக்கு. ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களின் படிவங்களை அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர்களில் பலர் திருவிருந்தை இழந்துவிடுவோமே என்ற பயத்தில்தான் கையெழுத்திட்டார்கள், என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பெயர் எழுதிய உறை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

அந்தக் கணக்கர் சகோதரரின் வீட்டுக்குப் பாஸ்டர் ஐயாவே நேரில் போங்கள். விசாரித்தது தவறு என்று சொல்லி, அவரை மறுபடி பாட அழையுங்கள். அவருக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. சபையின் உதவி நிதி இருப்பது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். தகப்பனைப் பார்த்துக்கொள்கிற சகோதரியின் வீட்டுக்கு, வசனம் அனுப்பிய மூப்பரே ஒரு இரவு போய் மாற்றாளாக இருந்தால் நல்லது. என் ஞாயிறு பள்ளி வகுப்பைப் பற்றி இப்போது பேச வேண்டாம், அது கடைசியில் வரட்டும்.

இவை எல்லாவற்றையும் பேச ஒரு சபைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். பேசினவர்கள் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வரமாட்டார்கள் என்ற உறுதியை முன்னதாகவே கொடுங்கள். உங்கள் பதிலை எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். படிவத்தை அறிவித்த அதே மேடையிலிருந்து, எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்திடாத படிவத்தோடு,
உங்கள் சபை விசுவாசி